கடாரச் சிங்கம் எழுதிய நோட்டீஸ்

என் வீட்டுக்காரர் எழுத்தாளர். என்ன வேலை என்று யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது எனக்குக் கல்யாணமான முதல் வாரமே போடப்பட்ட உத்தரவு. ஒருமுறை வாய் தவறி, "வீட்டில் சும்மாதான் இருக்கிறார்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். தீபாவளி வரைக்கும் மனிதர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெயர் பசுபதி. அது தபால்காரருக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் மட்டும். எழுத்துலகத்தில் அவர் 'கடாரச் சிங்கம்'. மலாயாவில் எங்கள் கெடாவுக்குப் பழைய காலத்தில் கடாரம் என்று பெயராம். சிங்கத்துக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. என் பெயர் காளியம்மா. கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர் மகள். எழுத்தாளர் மனைவிக்கு இந்தப் பெயர் எடுபடாது என்று தாலி கட்டிய மறுநாளே என்னைப் பிரேமாவதி என்று திருத்திவிட்டார். கட்டிக்கொண்ட பெண்டாட்டியைக்கூடத் திருத்தாமல் அவரால் வெளியிட முடியாது.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் சுங்கைப்பட்டாணியில் அவர் தொழில் சுமாராக நடந்தது. கல்யாணம் என்றால் வாழ்த்துமடல் வேண்டும். தாலி ஏறியதும் ஒருவர் எழுந்து அதை ராகம் போட்டு வாசிக்க வேண்டும். அச்சடித்த தாளைச் சந்தனத்தோடு எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். சாவு என்றால் பதினாறாம் நாள் இரங்கற்பா. துரை சீமைக்குத் திரும்பினால் பிரிவுபசாரப் பத்திரம். எல்லாவற்றையும் அவரே எழுதினார், எல்லாம் ஒரே பாட்டுதான். முதல் பாதி ஊரின் வளம்: வயலில் தாமரை, தாமரையில் அன்னம், பக்கத்தில் கரும்பு. கெடாவில் நான் அன்னத்தைப் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை. இரண்டாம் பாதியில் ஆளின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார். ஒருமுறை அவசரத்தில் மாற்ற மறந்து, எப்போதோ சீமைக்குக் கப்பலேறிப் போன துரையின் பெயரிலேயே ஒரு மளிகைக்கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்.

இதெல்லாம் வயிற்றுக்கு. புகழுக்குப் பினாங்குப் பத்திரிகை ஒன்றின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் இருந்தது. அவர்கள் காசு தர மாட்டார்கள், பெயர் போடுவார்கள். அந்தப் பெயருக்காக இவரே கைக்காசு போட்டு ஒரு கட்டுப் பத்திரிகை வாங்குவார். அதில் ஒன்று தவறாமல் என் தம்பி பழனியாண்டிக்குப் போகும்.

பழனியாண்டியும் பால்வெட்டுதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். சாயங்காலம் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் குழாயடியில் கூடினால் அவன்தான் பத்திரிகையை உரக்க வாசிப்பான், மற்றவர்கள் கேட்பார்கள். எந்தத் தோட்டத்திலும் அப்படித்தான், ஒருவன் வாசித்தால் எல்லாரும் படித்த மாதிரி. மாமா எழுதியது வந்துவிட்டால் அவனுக்குத் தலைகால் புரியாது. அதை வெட்டி, சோற்றுப் பசை தடவி வீட்டுப் பலகைச் சுவரில் ஒட்டிவைப்பான். அவனைப் பொறுத்தவரை அச்சில் வந்தது நடந்தது; மாமா பெயரோடு வந்தது சாமி முன்னால் சூடம் அணைத்துச் சொன்னது. கெடா மாநிலம் முழுவதும் தேடினாலும் கடாரச் சிங்கத்துக்கு இருந்த ஒரே வாசகன் அவன்தான். நானும் படித்தேன், ஆனால் நான் பெண்டாட்டி.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரைமார் இரவோடு இரவாகக் கிளம்பிப் போனார்கள், பிரிவுபசாரப் பத்திரம் எழுதக்கூட நேரம் கொடுக்கவில்லை. பினாங்குப் பத்திரிகை நின்றது. கொஞ்ச நாளில் புது முதலாளிகள் புதுப் பத்திரிகை ஒன்று ஆரம்பித்தார்கள். ஊரில் எழுதிக்கொண்டிருந்தவர்களில் சிலர் பேனாவை மூடிவைத்துவிட்டு மரவள்ளி நட்டார்கள். என் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்தார். வெள்ளைக்கார ராஜாவின் முடிசூட்டு விழாவுக்கு எழுதிய வாழ்த்து உள்ளே பத்திரமாக இருந்தது. பெயரை மாற்றினார். அன்னமும் கரும்பும் நிப்போனுக்குக் குடிபோயின.

"காலம் மாறுது பிரேமா. எழுத்தாளன் காலத்தோட போகணும்" என்றார்.

"போங்க. போற வழியில அரிசி கெடச்சா வாங்கிட்டு வாங்க" என்றேன்.

உள்ளூர்த் தொழிலோ படுத்துவிட்டது. பசார் பக்கம் அச்சுக்கூடம் வைத்திருந்த நடராஜாவிடம் காகிதமே இல்லை. மிச்சமிருந்த மீன்டின் லேபிள்களின் பின்பக்கத்தில் அச்சடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மணமக்கள் வாழ்க, மறுபக்கம் தக்காளிச் சாற்றில் மத்தி. லேபிளின் அளவுக்குப் பாட்டையும் வெட்ட வேண்டியிருந்தது.

"இனிமே எட்டு வரிதான் லா பசுபதி. அதுக்கு மேல எடமில்ல" என்றார் நடராஜா.

"எட்டு வரியில அன்னம் எப்படிண்ணே அடங்கும்?"

"அன்னத்த விடுலா. தாமரையும் வேணாம். பொண்ணு பேரு, மாப்ள பேரு, நல்லா இருங்க. போதும்."

அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. சாப்பிடவும் மரவள்ளிக்கிழங்கைத் தவிர ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். பாட்டுக்குக் கூலியாகவும் கிழங்கைத்தான் கொடுத்தார்கள். இரங்கற்பாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். செத்தவர் சாப்பிட வேண்டிய பங்கு மிச்சமாகிறதல்லவா.

நாற்பத்து மூன்றாம் வருஷம் சீனிவாசகம் எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்பு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். நாலு வார்த்தை ஜப்பான் பேசக் கற்றுக்கொண்டு பிரச்சார ஆபீசில் சேர்ந்திருந்தார். தலையில் தொப்பி, காலில் நிஜமான தோல் சப்பாத்து.

"பசுபதி, ஒரு எழுத்து வேல இருக்கு. சயாம்ல ரயில் சடக்கு போடுறாங்க, ஆள் வேணும். தோட்டம் தோட்டமா நோட்டீஸ் ஒட்டியாச்சு. முதல் கூட்டம் போனதோட சரி, இப்ப ஒருத்தனும் பேர் குடுக்க மாட்றான். நோட்டீஸ்ல உசிரு இல்லன்னு ஜப்பான் துவான் கோவமா இருக்காரு."

பழைய நோட்டீஸை நீட்டினார். சயாமில் வேலை உண்டு, உடனே பதிந்துகொள்க, தவறினால் தண்டனை என்று இருந்தது. அதைப் படித்தவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியிருப்பான். கூலி என்ன என்று நான்தான் கேட்டேன். ஒரு மூட்டை அரிசி என்றார். பேரம் நானும் பேசவில்லை, என் வீட்டுக்காரரும் பேசவில்லை. ஆனால் சீனிவாசகம் எழுந்திருக்கும் நேரத்தில் இவர் தொண்டையைக் கனைத்தார்.

"கீழ என் பேர் வரணும்."

"சர்க்கார் நோட்டீஸ்ல எவன்யா பேர் போடுவான்?"

"எழுத்து என்னோடது. பேர் இல்லாம எழுதிக் குடுத்து எனக்குப் பழக்கமில்ல, கிராணியாரே."

அது உண்மை. சண்டைக்கு முன்னால் ஒரு சோப்புக் கட்டி விளம்பரத்துக்கே பெயர் போடச் சொல்லிக் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றவர். சீனிவாசகம் தலையில் அடித்துக்கொண்டு போய்த் துவானிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஜப்பான்காரன் புத்திசாலி. தாராளமாகப் போடு, ஜனங்கள் பெயரைப் பார்த்தால் நம்புவார்கள் என்றானாம். இதைக் கேட்டு இவர் பூரித்துப் போனார்.

எழுதினார். "அன்புசால் தோட்டத் தோழர்காள்! செந்நெல் தலைசாய்க்கும் சயாம் திருநாடு உங்களை வருக வருக என அழைக்கின்றது" என்று தொடங்கியது. எட்டு வரியில் விட்டுப்போன அன்னமெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்தது. தெளிந்த நதி, தென்றல், ஆளுக்கொரு வீடு. மூன்றே மாதம் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, வயிறாரச் சோறு, வைத்தியர், சாயங்காலம் பயாஸ்கோப். அடியில் தடித்த எழுத்தில் கடாரச் சிங்கம் சுங்கைப்பட்டாணி பசுபதி. இரண்டு பெயரையும் போட்டுக்கொண்டார்.

"நீங்க சயாமப் பாத்திருக்கீங்களா?" என்றேன்.

"நாட்டு வளம் பாடுறதுக்கு நாட்டப் பாக்கணுமா? அது மரபு."

துவான் ஆபீசிலிருந்து வெள்ளைவெளேர் என்று காகிதம் வந்தது. நடராஜா அச்சடித்தார். முதல் பிரதியை இவர் மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். பிறகு ஊர் முழுக்க நடந்து, எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று எதிர்ச் சுவர் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தார். வீட்டில் பல மாதத்துக்குப் பிறகு வெள்ளைச் சோறு பொங்கினேன். பானையைச் சுரண்டிச் சாப்பிட்டோம்.

அந்த மூட்டையில் பாதி தீரும் முன்னே, பசாரில் தஞ்சோங் டாவாய் மீன்காரர்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒருவன் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தேன். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே புண் அரித்துச் சதை போயிருந்தது; எலும்பு தெரிந்தது. பெயர் அம்மாசி. முதல் கூட்டத்தோடு சயாமுக்குப் போய்க் காட்டு வழியாகத் தப்பி வந்திருக்கிறான். கையில் இருந்த கிழங்கைக் கொடுத்தேன்.

"அங்க சோறு இல்லக்கா. சுண்ணாம்பு வாடையடிக்கிற அரிசி, அதுவும் ஒரு கை. காலரா வந்துச்சு. செத்தவன குழியில போடுறப்ப, பக்கத்துல மொனகிக்கிட்டுக் கெடக்குறவனையும் சேத்துத் தள்ளிருவானுங்க. எங்க லயத்துல இருந்து போனதுல நான் ஒருத்தன்தான் மிச்சம்" என்றான்.

அவனைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்து வந்து என் வீட்டுக்காரர் முன்னால் உட்கார வைத்தேன். "இவர் சயாம் போயிட்டு வந்திருக்காரு" என்று மட்டும் சொன்னேன். இவர் அந்தக் காலைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த மூட்டையில் இருந்து வடித்த சோற்றை அவர் தொடவில்லை. மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன்.

அந்த வாரமே தோட்டத்திலிருந்து சேதி வந்தது. பழனியாண்டி பெயர் கொடுத்துவிட்டான். அவன் மட்டுமில்லை, அவன் வாசிக்கக் கேட்ட லயமே கொடுத்துவிட்டது. மறுநாள் காலையில் லோரி வருகிறது.

கரியில் ஓடும் பஸ்ஸைப் பிடித்து, அது மேட்டில் நின்றபோது இறங்கித் தள்ளி, மத்தியானத்துக்கு மேல் கோலா கெத்தில் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து தோட்டத்துக்கு நடை. பழனியாண்டி குழாயடியில் நின்று நோட்டீஸைத்தான் வாசித்துக்கொண்டிருந்தான், எத்தனையாவது தடவையோ. இவரைப் பார்த்ததும் ஓடி வந்தான். "மாமா வந்துட்டாரு! எழுதினவரே வந்துட்டாரு!" என்று கத்தினான். கிழவன் கிழவி எல்லாம் எழுந்து நின்று கும்பிட்டார்கள். வாழ்நாளெல்லாம் இவர் ஏங்கிய மரியாதை. அதை வாங்கிக்கொள்ள முடியாமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அவன் வீட்டுக்குள் வைத்துச் சொன்னார். மனைவி ராக்காயி நிறைமாதமாக மூலையில் உட்கார்ந்திருந்தாள். ரப்பர் வாங்க ஆளில்லாமல் பால்வெட்டு நின்றுபோய், அந்த வீட்டில் அடுப்பும் பாதி நாள் நின்றிருந்தது.

"பழனி, போவாத. அந்த நோட்டீஸ்ல இருக்கிறது நெசமில்ல."

பழனியாண்டி என்னைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா அழுதுச்சா மாமா? அதான் சொல்றீங்க. மூணு மாசம்தானே லா. புள்ள பொறக்குற நேரத்துக்குக் கையில நாலு காசோட வந்துருவேன்."

"இல்லடா. நானே சொல்றேன். பொய்."

"வாயால ஆயிரம் சொல்லலாம் மாமா. அச்சுல ஒங்க பேரோட வந்துருக்கே. பேரு போட்டுப் பொய் சொல்ற ஆளா நீங்க?"

அம்மாசியின் காலைப் பற்றி நான் சொன்னேன். தப்பி ஓடியவன் வேறு எப்படிப் பேசுவான் என்று கேட்டான். அதற்கு மேல் அவன் காது கொடுக்கவில்லை. லயத்துக்காரர்களைக் கூட்ட வேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

எனக்குத் தோன்றியது இதுதான்: இவன் காகிதத்தைத்தான் நம்புவான். "எழுதுங்க. பொய்யின்னு எழுதி அவன் கையில குடுங்க. உங்க பேரப் போடுங்க" என்றேன்.

எழுத உட்கார்ந்தார். இவ்வளவு சுருக்கமாக அவர் எழுதி நான் பார்த்ததில்லை. நாலே வரி. "சயாமுக்குப் போகாதீர்கள். அங்கே சோறும் இல்லை, மருந்தும் இல்லை. போனவர்கள் சாகிறார்கள். நோட்டீஸில் இருப்பது பொய்." ஒரு மரபும் இல்லை. இரண்டு தடவை படித்தேன். அடியில் வெறுமையாக இருந்தது.

"பேர்?"

"பேர் போட்டா தலைய வெட்டிப் பாலத்துல வச்சிருவான்."

அதுவும் பொய்யில்லை. சுங்கைப்பட்டாணியில் நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்போதுதான் கவனித்தேன், எழுத்தையும் இடது கையால் எழுதியிருந்தார். கோணல் மாணலாக, யாருடையது என்று தெரியாதபடி. விடியும் நேரத்தில் அதை எடுத்துப் போய்ப் பெரட்டுக் களத்து மணிக்கம்பத்தில் ஒட்டிவிட்டு வந்தார். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம் அது. யார் கண்ணுக்கும் தப்பாது.

விடிந்ததும் லோரி வந்தது. துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், கூடவே தொப்பியும் சப்பாத்துமாகச் சீனிவாசகம். ஆட்கள் மூட்டை முடிச்சோடு வரிசையில் நின்றார்கள். சிலர் கம்பத்தைச் சுற்றி நின்று, வாசித்துச் சொல்ல ஆள் தேடினார்கள். வாசிக்கிறவன் பழனியாண்டிதானே. அவன் வந்தான், மனசுக்குள் படித்தான், பிய்த்துக் கையில் எடுத்தான்.

"என்னாடா போட்டிருக்கு?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"மொட்டைக் கடுதாசி பெரியப்பா. பேரு போடத் துணிச்சல் இல்லாத பய எவனோ எழுதியிருக்கான்."

நான் ஓடிப் போய் அவன் தோளைப் பிடித்தேன். காதோடு சொன்னேன். "தம்பி, அத எழுதினதும் உங்க மாமாதான்டா. என் கண்ணு முன்னால எழுதினாரு."

ரகசியம் பேசத் தெரியாத பிள்ளை. அப்படியே திரும்பி, களத்தின் அந்தப் பக்கம் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்துக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினான்.

"மாமா, இதையும் நீங்களா எழுதினீங்க?"

சீனிவாசகம் திரும்பினார். நேராக வந்து பழனியாண்டி கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். சிப்பாய்க்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவனும் பார்த்தான். பழனியாண்டி சிரித்த முகத்தோடு காத்திருந்தான். மாமா ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும், மூட்டையைக் கீழே போட்டிருப்பான். அவன் போட்டால் லயமே போட்டிருக்கும். சொல்லியிருந்தால் இவர் உயிரோடு வீடு திரும்பியிருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

"நான் எழுதல" என்றார்.

சீனிவாசகம் அசையவில்லை. அவருக்கு அது போதவில்லை போலிருந்தது. என் வீட்டுக்காரர் அவரிடமிருந்து காகிதத்தை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது ஒரு எழுத்தா கிராணியாரே? நயம் இல்ல, நடை இல்ல. நான் எழுதுவேனா இப்படி?"

சீனிவாசகம் சிரித்துவிட்டார். பழனியாண்டியும் சிரித்தான். "அதான பாத்தேன். மாமா எழுத்து எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளாக லோரியில் ஏறி, பின்னால் வந்த கிழவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். ராக்காயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு லோரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாள். நான் அவளைப் பிடிக்க ஓடினேன்.

அந்த லோரியில் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் வந்தான், பினாங்கில் பத்திரிகைகள் மறுபடியும் கிளம்பின. கடாரச் சிங்கம் சயாமில் மாண்டவர்களுக்கு முழுப்பக்கத்தில் ஓர் இரங்கற்பா எழுதினார். படித்தவர்கள் கண்ணீர் விட்டார்களாம். எங்கெங்கிருந்தோ பாராட்டுக் கடிதங்கள் வந்தன. நான் அதைப் படிக்கவில்லை.

அவர் ஆயுசில் எழுதிய நல்ல எழுத்து அந்த நாலு வரிதான். அதற்கு ஒரே ஒரு வாசகன் இருந்தான். அவனிடம்தான் அது தன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டார்.